கைநீட்டாத கொடுமை

ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் நாளெல்லாம் குனிந்து தக்காளியும் வெங்காயமும் தரம் பிரித்து, வாங்கிய கூலியை அந்தியில் அப்படியே கணவன் கையில் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் பஸ் கட்டணத்துக்கு அவன் முகத்தையே பார்த்து நிற்கும் ஒரு பெண்ணை, வீட்டில் துன்பமுண்டா என்று வினவினால், "கைநீட்டி அடிச்சதில்லைங்க" என்றே விடை கூறுவாள். அடியில்லையேல் கொடுமையில்லை என்னும் இந்த அளவுகோலை நாமெல்லோரும் சேர்ந்தே அவளுக்குக் கற்பித்திருக்கிறோம்.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதை ஏற்கவில்லை. பிள்ளையில்லாதவள் என்று இழித்துரைப்பதும், அவள் நேசிப்பவரைத் தாக்குவேனென்று ஓயாது மிரட்டுவதும், செலவுக்குப் பணம் மறுப்பதும் அச்சட்டத்தின்படி வன்முறையே.

இவற்றினும் சூட்சுமமான கொடுமை ஒன்றுண்டு. நேற்றுச் சொன்னதை இன்று "நான் சொல்லவேயில்லை, உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று சாதித்து, தாய்வீட்டாரோடு அவளுக்கிருந்த பேச்சை மெல்ல மெல்ல அறுத்து, பின்னொருநாள் பூவும் அல்வாவும் வாங்கிவந்து கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டு, அவள் மனம் இளகிய மறுவாரமே பழையபடி தொடங்குகிறவனோடு வாழ்பவள், காலக்கிரமத்தில் தன் ஞாபகத்தையே சந்தேகிக்கத் தலைப்படுகிறாள். காயத்தை வைத்தியரிடம் காட்டலாம். இதை எவரிடம் காட்டுவது? ஆதலின் என்ன சொன்னான், என்றைக்கு, யார் உடனிருந்தார்கள் என்பதை அன்றன்றே குறித்து, அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது மிக அவசியம். செல்பேசிச் செய்திகளையும் அழிக்கலாகாது.

181 என்னும் மகளிர் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். திண்டுக்கல் மாவட்ட சமூகநல அலுவலகத்தின் வழியே பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். அண்டைவீட்டார் நல்லெண்ணத்தோடு அவருக்குத் தகவல் தந்தால், அதன்பொருட்டு அவர்கள்மீது வழக்கு வாராது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டா. இலவச சட்ட உதவிக்குப் பெண் என்ற தகுதியே போதும், வருமானம் கேட்கப்படுவதில்லை. வீடு கணவன் பெயரிலிருப்பினும், சட்டப்படியான நடைமுறையின்றி அவளை அங்கிருந்து வெளியேற்றலாகாது. மனவேதனைக்கு இழப்பீடும் கோரலாம்.

மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை அவன் மீறினால், ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அவ்வாறு மீறினான் என்பதை, "உன் பேச்சை யார் நம்புவார்" என்று அவனால் எந்நாளும் ஏளனம் செய்யப்பட்ட அவளுடைய சாட்சியம் ஒன்றையே ஆதாரமாகக்கொண்டு நீதிமன்றம் முடிவுசெய்யலாம்.