தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இது பழக்கம். பெட்ரோல் தீர்ந்து வண்டி விக்கும்போது இடது கை தானாகக் கீழே போய்க் குமிழை ரிசர்வுக்குத் திருப்பிவிடும். கண் சாலையை விட்டு நகராது. லாங்-ஈஸி என்ற குட்டி விமானத்திலும் அப்படியொரு வால்வு உண்டு. இடம், வலம் என்று இரண்டு டாங்குகள். எதிலிருந்து இன்ஜினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்பதை அதுதான் மாற்றும்.

லாங்-ஈஸியை வடிவமைத்தவர் அமெரிக்கரான பர்ட் ரூட்டன். 1979இல் முதலில் பறந்தது. அவர் விற்றது வரைபடங்களைத்தான். வாங்கியவர்கள் நுரைப்பலகையை அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியால் ஒட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே விமானத்தைக் கட்டினார்கள். மூக்கில் சிறிய இறக்கை. பெரிய இறக்கையும் புரொப்பெல்லரும் பின்னால். வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தால் முன்னிறக்கை முதலில் தளர்ந்து மூக்கைத் தாழ்த்தும். வேகம் தானே மீளும். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

ரூட்டனின் படத்தில் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. ஒரு விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் விமானியறைக்குள்ளேயே வரக்கூடாது என்று நினைத்து, அதன் கைப்பிடியை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நல்ல எண்ணம்தான். அந்த விமானம் பின்னர் பாடகர் ஜான் டென்வரிடம் வந்தது.

1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவின் மான்டரே. டென்வர் 2,700 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் இந்த விமானத்தில் முந்தைய நாள் எடுத்த பயிற்சி அரை மணிநேரம்தான். கைப்பிடி எட்டவில்லை. எரிபொருள் அளவுகாட்டிகளும் முதுகுக்குப் பின்னால், அளவுக்கோடுகள் இல்லாமல் இருந்தன. அவற்றைப் பார்க்க மெக்கானிக் ஒரு கண்ணாடி கொடுத்தார். எரிபொருள் நிரப்பவா என்று கேட்டதற்கு, ஒரு மணிநேரம்தானே பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர்.

தரையைத் தொட்டு உடனே மேலெழும் பயிற்சியை மூன்று முறை செய்துவிட்டு அவர் கடல்பக்கம் திரும்பினார். சுமார் 500 அடி உயரத்தில் இன்ஜின் ஓசை அடங்கியது. விமானம் செங்குத்தாகக் கடலில் பாய்ந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை.

விசாரணை அதிகாரிகள் அதே அமைப்புள்ள இருக்கையில் விமானிகளை உட்காரவைத்து வால்வைத் திருப்பச் சொன்னார்கள். அதற்கு வலது கையை விமானத்தின் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து எடுத்து, உடம்பை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, தோளுக்கு மேலாக நீட்ட வேண்டியிருந்தது. அப்படித் திரும்பும்போது தாங்கலுக்காக வலது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியது.