செனடாப் ரோடும் புகையிலைக் கடனும்

தேனாம்பேட்டை செனடாப் ரோடு என்கிற பெயரை யாரும் நின்று யோசிப்பதில்லை. தி.நகரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ பேசும்போது வாயில் வந்து போகிற ஒரு சொல், அவ்வளவுதான். செனடாப் என்றால் உடல் இல்லாத கல்லறை. கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு எழுப்பிய நினைவு மண்டபம் ஒருகாலத்தில் அங்கே நின்றது. அவருடைய சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீடத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகள் பணயமாக ஒப்படைக்கப்படும் காட்சி. பீடம் சொல்லாத ஒன்று உண்டு. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தது இதே கார்ன்வாலிஸின் படைதான். (உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்கத் துணை அதிகாரியை அனுப்பிவிட்டார்.) அந்த யார்க்டவுன், புகையிலை ஏற்றுமதியைச் சுங்கத்தின் கண்பார்வைக்குள் கொண்டுவர 1691இல் சட்டம் போட்டு உண்டாக்கிய துறைமுகங்களில் ஒன்று.

அமெரிக்கப் புரட்சி என்றால் நமக்குப் பாஸ்டன் தேயிலைதான் ஞாபகம் வருகிறது. வர்ஜீனியாவின் கதை வேறு இலையில் எழுதப்பட்டது. 1660இன் கப்பல் சட்டப்படி காலனியின் புகையிலை இங்கிலாந்துக்கோ அதன் ஆட்சிப் பகுதிகளுக்கோதான் போகலாம். தோட்ட முதலாளி இலையை லண்டன் ஏஜெண்டுக்கு அனுப்புவார். ஏஜெண்ட் அதை விற்று, சுங்கம், கப்பல் கூலி, கமிஷன் எல்லாம் கழித்து, மிச்சத்துக்குச் சாமான் அனுப்புவார். மிச்சம் போதாவிட்டால் கணக்கில் எழுதிக்கொள்வார். சின்ன விவசாயிக்கு கிளாஸ்கோ வியாபாரிகளின் கடை ஊருக்குள்ளேயே வந்தது: விளையப்போகும் இலையை நம்பி இன்றைக்குக் கடனில் துணி. நம்மூர்த் தரகு மண்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே இலையே பணம். பாதிரியாரின் ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு புகையிலை. 1758இல் விளைச்சல் பொய்த்து விலை ஏறியதும், பவுண்டுக்கு 2 பென்னி வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று வர்ஜீனிய சபை சட்டம் போட்டது. பாதிரியார்கள் முறையிட, மன்னர் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார். 1763இல் இது வழக்காக வந்தபோது, மக்களுக்கு நல்லதான சட்டத்தை ரத்து செய்யும் அரசன் கொடுங்கோலனாகிவிடுகிறான் என்று பாட்ரிக் ஹென்றி என்ற இளம் வக்கீல் வாதாடினார். பாதிரியாருக்கு ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரே ஒரு பென்னி. 1774இல் வர்ஜீனியாவில் கடன் வழக்குகள் நின்றன. 1775 செப்டம்பர் 10 முதல் பிரிட்டனுக்கு ஏற்றுமதி இல்லை என்று காலனிகள் நிறுத்தின.

கடனை ஏமாற்றத்தான் புரட்சி என்று ஒரு பக்கம் சுருக்கிவிடுவார்கள். டி.எச். ப்ரீன் 1985இல் எழுதிய ‘டொபாக்கோ கல்ச்சர்’ நூல், கடன் முதலாளிகளின் சுயமரியாதையில் அடித்தது, அதைத் தங்கள் சுதந்திரத்துக்கே ஆபத்தாக அவர்கள் பார்த்தார்கள் என்கிறது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தங்களை லண்டன் ‘அடிமை’யாக்குகிறது என்று எழுதியவர்கள் மனிதரை விலைக்கு வாங்கி இலை நட வைத்தவர்கள். கலகக்கார முதலாளிகளின் அடிமைகள் மன்னர் பக்கம் ஆயுதம் எடுத்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் ஆளுநர் டன்மோர் அறிவித்ததும், நட்டவர்களில் பலர் அந்தப் பக்கம் ஓடினார்கள். விடுதலை என்கிற சொல்லாடல் யாருடைய கையில் இருந்தது என்பது அந்த ஓட்டத்தில் தெரிகிறது.

இப்போது இந்தப் பக்கம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கார்ன்வாலிஸ் வாங்கிய பகுதிகளில் திண்டுக்கல்லும் மலபாரும் உண்டு. 1799இல் கோயம்புத்தூரும் கம்பெனியிடம் வந்தது. போர்த்துக்கீசியர் வழியாக வந்த அமெரிக்க இலை அதற்குள் நம் மண்ணில் ஊறி, பழனி முருகனுக்கே சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைத் தூது அனுப்பும் அளவுக்குச் சொந்தமாகியிருந்தது. மலபாரில் தொடங்கிய கம்பெனியின் புகையிலை ஏகபோகம் 1811இல் கோயம்புத்தூருக்கும் வந்தது: ரயத்து கம்பெனி வைத்த விலைக்கு விற்க வேண்டும், மலபார்க்காரர் கம்பெனி வைத்த விலைக்கு வாங்க வேண்டும். வர்ஜீனியாவில் வியாபாரி ஒருவர், வரி வாங்குகிறவர் வேறொருவர். இங்கே இரண்டும் ஒரே கலெக்டர் கச்சேரி. பொக்கிஷதார் காசிச் செட்டி அந்தக் கச்சேரிக்குள் உட்கார்ந்தே தன் வியாபாரத்தையும் நடத்தினார். விசாரிக்க வந்தவர் தாமஸ் மன்றோ. மோசடி வெளியே வந்தது. ஆனால் 1820 முதல் 1827 வரை மன்றோவே ஆளுநராக இருந்தபோதும் ஏகபோகம் அப்படியே இருந்தது. 1853இல்தான் ஒழிந்தது. மவுண்ட் ரோடில் குதிரைமேல் இருக்கிற மன்றோவைப் பார்த்து, அங்கவடி எங்கே என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஏன் புரட்சி வரவில்லை என்று கேட்கிற தோழர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே கோணலாகப் படுகிறது. அங்கே கடன்காரர்களிடமே ஒரு சட்டசபை இருந்தது. இங்கே இருந்தது மனுவும் மலைப்பாதையும்தான். ஏகபோக இலைக்குப் போட்டியாகக் கணவாய்கள் வழியே வேறு இலை மலபாருக்குப் போய்க்கொண்டே இருந்தது. கம்பெனித் தாள்களில் அதற்குக் கள்ளக்கடத்தல் என்று பெயர். 1768இல் பாஸ்டனில் சுங்கத்தை ஏமாற்றியதாக ஜான் ஹான்காக்கின் கப்பலையும் பிடித்தார்கள். எட்டு வருஷம் கழித்து அவர் சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரையும்விடப் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். பாலக்காட்டுப் பக்கம் பிடிபட்டவர்களின் பெயர்களை எழும்பூர் ஆவணக்காப்பகத்தின் கோயம்புத்தூர், மலபார் மாவட்டப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.