மைனஸ் 2.9 டிகிரியிலும் உறையாத அணில்! தெரியுமா?

உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே நமக்கு ஆபத்து. ஆனால், பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விட்டு உயிரோடு திரும்பி வரும் ஓர் அணில் இருக்கிறது, தெரியுமா? அலாஸ்காவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஆர்க்டிக் தரை அணில்தான் அது!

வருடத்தில் ஏழெட்டு மாதம் அதற்கு உறக்கம். சுற்றியுள்ள மண்ணே உறைந்து கிடக்கும். 1989-இல் அலாஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானி பிரையன் பார்ன்ஸ், உறங்கும் அணில்களின் உடலுக்குள் வெப்பநிலையை அளந்து பார்த்தார். மைனஸ் 2.9 டிகிரி! அப்போதும் ரத்தத்தில் பனிக்கட்டி இல்லை. உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துப் பகுதியோ பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தது. இதயம் நிமிடத்துக்குச் சில தடவை மட்டும் துடிக்கும்.

இதைவிடப் பெரிய அதிசயம், அது எழுந்திருக்கும் விதம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெளிச்சூடு எதுவும் இல்லாமல், தானாகவே 36 டிகிரி வரை சூடேறி விடுகிறது! ஒரு நாள்கூட நீடிக்காது, திரும்பவும் குளிர்ந்து போகிறது. தரை அணில்கள் உறங்கும்போது மூளையின் நரம்பு இணைப்புகள் சுருங்குகின்றன. விழித்ததும் சில மணி நேரத்தில் மறுபடி தழைக்கின்றன. சுருங்கிய இணைப்புகளை மூளை தானே மீண்டும் கட்டிக்கொள்கிறதே! மறதி நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் இந்த அணிலை விடாமல் ஆராய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழிக்கும்போது ஏறும் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? முக்கியமாக, தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பிலிருந்து! சாதாரணக் கொழுப்பு சக்தியைச் சேமித்து வைக்கும். இது சக்தியை நேரே வெப்பமாக மாற்றிவிடும். எலிகளுக்கும் இது உண்டு. பிறந்த குழந்தைகளுக்கும் உண்டு!

சைபீரியாவின் குட்டி ஹாம்ஸ்டர் வேறு வழி கண்டிருக்கிறது. பகல் குறுகியதுமே சாம்பல் நிற ரோமம் வெள்ளையாகிறது, உடல் எடை மூன்றில் ஒரு பங்குவரை குறைகிறது. குளிர் வந்த பிறகு அல்ல, வருமுன்பே!

இதுவரை பார்த்தது குளிரைச் சமாளிக்கும் வழிகள். இனி சூட்டைச் சமாளிக்க உதவும் வாலுக்கு வருவோம். எலியின் வாலில் ஏன் அடர்ந்த ரோமம் இல்லை, தெரியுமா? எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாயைப் போல மூச்சிரைத்தும் சூடு தணிக்காது. வெக்கை கூடினால் வாலின் ரத்தக் குழாய்களை விரித்து, உடற்சூட்டை அதன் வழியே வெளியேற்றுகிறது. எச்சிலையும் ரோமத்தில் பூசிக்கொள்ளும். குளிரில் அதே குழாய்கள் இறுகிவிடும்.

வளரும் இடத்தின் வெப்பம் வாலின் நீளத்தையே மாற்றுகிறது என்றால் நம்புவீர்களா? 2008-இல் வெளியான ஆய்வொன்றில் சுண்டெலிகளை 7, 21, 27 டிகிரியில் தனித்தனியே வளர்த்தார்கள். வெதுவெதுப்பில் வளர்ந்தவற்றுக்கு வாலும் காதும் நீளம், குளிரில் வளர்ந்தவற்றுக்குக் குட்டை! உடலுக்கு வெளியே, ரத்த ஓட்டமே இல்லாமல் வளர்த்த எலும்புகளும் வெப்பத்தில் கூடுதலாக வளர்ந்தன.

கலஹாரி பாலைவனத்தின் கேப் தரை அணில் வெயிலுக்கு முதுகைக் காட்டி, புசுபுசுவென்ற வாலைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டே மேய்கிறது!

கலிஃபோர்னியா தரை அணிலோ வாலின் சூட்டையே ஆயுதமாக்கிவிட்டது. கிலுகிலுப்பைப் பாம்பு எதிரே வந்தால், வாலைச் சூடாக்கி ஆட்டுகிறது. அந்தப் பாம்பின் முகக்குழிகள் வெப்பத்தை உணரக்கூடியவை. 2007-இல் விஞ்ஞானிகள் சூடேறும் வாலுடன் ஒரு பொம்மை அணில் செய்து பாம்பின் முன் நிறுத்தினார்கள். வால் சூடானதும் பாம்பு வேட்டையை விட்டுத் தற்காப்புக்கு மாறியது! வெப்பத்தை உணர முடியாத கோஃபர் பாம்பு வந்தால்? அப்போதும் வால் ஆடுகிறது. ஆனால் சூடேற்றுவதில்லை!