அண்டை வீடு – 9: ஐம்பதும் அறுபதும்

போன வாரம் 1872ல் நிறுத்தினோம். போர், தோல்வி, பராகுவே ஆண்மக்களில் பெரும்பாலோரின் சாவு, ஜெயித்த பிரேசில் போட்டுக்கொடுத்த எல்லைக்கோடு. இவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். மீதிக்குப் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் இரு நாடுகளையும் இணைக்கும் நட்புப் பாலத்தையும், அதைத் தாண்டியதும் பராகுவே பக்கம் வரும் சியுதாத் தெல் எஸ்தே கடைவீதியையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பாலம் எங்கேயும் ஓடிவிடாது. 1965லிருந்து அங்கேதான் நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள் வீட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். கம்பியில் வருகிற மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது என்று அதற்கு அர்த்தம். அமெரிக்காவில் அது 60. இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் பொறியாளர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எந்த ஊர் எந்த நாட்டுக் கம்பெனியிடம் எந்திரம் வாங்கியதோ, அதுவே அந்த ஊரின் தலையெழுத்தாயிற்று. டோக்கியோ ஜெர்மன் எந்திரம் வாங்கியது, 50. ஒசாகா அமெரிக்க எந்திரம் வாங்கியது, 60. ஜப்பான் இன்றுவரை நடுவில் பிளந்து கிடக்கிறது. 2011ல் சுனாமி வந்து ஃபுகுஷிமா உலைகள் நின்றபோது, மேற்கே இருந்த மின்சாரத்தைக் கிழக்கே வேண்டிய அளவு அனுப்ப முடியவில்லை. நடுவே 60ஐ 50 ஆக்கித் தரும் நிலையங்களின் அன்றைய மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 1,000 மெகாவாட்தான்.

பிரேசிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ரியோவில் 50, சாவ் பாவ்லோவில் 60. 1964ல் சட்டம் போட்டு நாடு முழுக்க 60 என்று ஆக்கினார்கள். சட்டம் போடுவது சுலபம். 50க்குச் செய்த மின்கடிகாரத்தை 60ல் மாட்டினால் மணிக்கு 12 நிமிஷம் முந்தி ஓடும். ரெக்கார்டு பிளேயரில் தடித்த குரல் பாடகரும் கீச்சென்று பாடுவார். ஒரு மாநகரத்தின் கடிகாரம், இசைத்தட்டுப் பெட்டி, லிஃப்ட், ஆலை மோட்டார் எல்லாவற்றையும் பேட்டை பேட்டையாக மாற்றவேண்டும். பிரேசில் மாற்றியது. பக்கத்து வீட்டுப் பராகுவே 50லேயே இருந்தது. இந்த வாரக் கதை இதற்குள்தான் இருக்கிறது.

1872ல் போட்ட எல்லைக்கோடு ஓரிடத்தில் மட்டும் தெளிவாக இல்லை. பரானா ஆறு இறுக்கமான பாறைப் பிளவுக்குள் விழும் இடம் அது. செத்தே கேதாஸ், அதாவது ஏழு அருவிகள். நீரளவில் உலகின் மாபெரும் அருவிகளில் ஒன்று. அருவி யாருடையது என்ற தகராறு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்தது. ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் வந்ததும் விழித்துக்கொண்டது. 1965ல் பிரேசில் படையினர் சிலர் தகராறு நிலத்தில் போய் முகாம் போட்டார்கள். பராகுவே கொதித்தது. 1966 ஜூன் 22 அன்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் உட்கார்ந்து பேசி ஒரு கையெழுத்துப் போட்டார்கள்: அங்கே எடுக்கப்படும் மின்சாரம் இரண்டு நாட்டுக்கும் சரிபாதி.

நிலம் யாருக்கு என்ற கேள்வி? அதைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார்கள். கீழே அணை எழுந்ததும், 1982 அக்டோபரில் இரண்டே வாரத்தில் நீர்த்தேக்கம் நிரம்பி அருவி மறைந்தது. அந்த ஆண்டு ஜனவரியில், கடைசியாக ஒருமுறை அருவியைப் பார்த்துவிடலாம் என்று கூட்டம் கூடியபோது ஒரு நடைபாலம் அறுந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். பிரேசிலின் பெருங்கவிஞர் கார்லோஸ் துருமோந்த் தெ அந்த்ராதே அருவிக்கு விடைகொடுத்துப் பத்திரிகையில் கவிதை எழுதினார். முழுகாமல் மிஞ்சிய தகராறு நிலத்தை இரு நாடுகளும் சேர்ந்து காட்டுயிர்ச் சரணாலயம் ஆக்கிவிட்டன. எல்லைத் தகராறை இப்படியும் தீர்க்கலாம் என்று ராஜதந்திரப் பாடப்புத்தகங்களில் ஏன் எழுதுவதில்லை என்று தெரியவில்லை.

அணைக்குப் பெயர் இடாய்ப்பு. ஒப்பந்தம் 1973 ஏப்ரல் 26. அப்போது ஆண்டவர்கள் பிரேசிலில் ஜெனரல் மெதிசி, பராகுவேயில் ஜெனரல் ஸ்ட்ரோஸ்னர். ஜனநாயகத் தொல்லை இரண்டு பக்கமும் கிடையாது. அணைக்காக அமைத்த நிறுவனத்தின் முதலீடு 10 கோடி டாலர், ஆளுக்கு 5 கோடி. பராகுவேயிடம் 5 கோடி இல்லை. அதையும் பிரேசில் வங்கியே கடனாகக் கொடுத்தது. கட்டுமானக் கடனும் பிரேசிலின் பெயர்பலத்தில் வாங்கியதே. எதிராளிக்கு ஆட்டக்காசும் கொடுத்துச் சீட்டாட உட்காரவைக்கிறவர் சும்மா உட்காரவைக்க மாட்டார். நிபந்தனை ஒன்று இருந்தது: ஒருவர் தன் பாதியில் பயன்படுத்தாத மின்சாரத்தை மற்றவருக்குத்தான் தரவேண்டும், மூன்றாம் ஆளுக்கு விற்கக்கூடாது. அதற்குத் தரும் பணத்தை விலை என்று சொல்லமாட்டார்கள். உற்பத்திச் செலவும் அதற்குமேல் ஒரு 'ஈட்டுத்தொகை'யும் மட்டும். நிபந்தனை இருவருக்கும் பொதுதான். ஆனால் பாதியைப் பயன்படுத்த முடியாதவர் யார் என்பது கையெழுத்துப் போடும்போதே இருவருக்கும் தெரியும்.

இங்கேதான் என் எண் வருகிறது. எந்திரங்களை எந்த ஹெர்ட்ஸில் செய்வது? பராகுவே சின்ன நாடு, 60க்கு மாறிவிட்டால் வேலை சுலபம் என்பது பிரேசிலின் எண்ணம். பராகுவேயில் பெரிய விவாதம் நடந்தது. தெற்கே அர்ஜென்டினா 50. அதனோடும் யாசிரெத்தா என்ற இடத்தில் அணை கட்ட அதே 1973 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டாயிற்று. 60க்கு மாறினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பிரேசிலின் மின்சார மாநிலமாகவே ஆகிவிடுவோம் என்ற பயம். எழுபதுகளின் பிற்பாதியில் ஸ்ட்ரோஸ்னர் முடிவு சொன்னார்: 50தான். எதிர்த்துப் பேசியவர்களையெல்லாம் சிறையில் தள்ளிய ஒரு சர்வாதிகாரி, நாட்டுக்கு நல்லதாகச் செய்த சொற்பக் காரியங்களில் இதை ஒன்றாக நான் வைப்பேன்.

விளைவு, ஒரே அணை, ஒரே தண்ணீர், ஒரே கூரை, அதற்குக் கீழே இரண்டு வகை எந்திரங்கள். இப்போது மொத்தம் 20, ஒவ்வொன்றும் 700 மெகாவாட். பத்து எந்திரம் 50 ஹெர்ட்ஸ், பத்து எந்திரம் 60. ஐம்பதின் சுழலியில் 66 காந்த முனைகள், நிமிஷத்துக்கு 90.9 சுற்று. அறுபதின் சுழலியில் 78 முனைகள், 92.3 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், போடாமல் விடாதீர்கள். முனைகளை இரண்டால் வகுத்து, சுற்றால் பெருக்கி, 60 நொடியால் வகுக்கவேண்டும். 33 பெருக்கல் 90.9, வகுத்தல் 60: விடை 50. 39 பெருக்கல் 92.3, வகுத்தல் 60: விடை 60. பக்கத்துப் பக்கத்தில் நின்று சுற்றும் இரண்டு ராட்சசச் சக்கரங்களுக்குள் வேக வித்தியாசம் நிமிஷத்துக்கு ஒன்றரைச் சுற்றுகூட இல்லை. அந்த ஒன்றரைச் சுற்றுக்கும் முனை வித்தியாசத்துக்கும் உள்ளேதான் ஒரு நாட்டின் தன்மானம் உட்கார்ந்திருக்கிறது.

ஐம்பதில் பிறந்த மின்சாரத்தில் பராகுவே அப்போது கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டது. மிச்சம் சாவ் பாவ்லோவுக்குப் போகவேண்டும், அங்கே 60. எப்படி அனுப்புவது? ஊசலாட்டத்தையே எடுத்துவிடு, நேர்மின்சாரமாக்கு, அனுப்பு, போன இடத்தில் மறுபடி ஊசலாடவிடு. அதற்காக அணையிலிருந்து சாவ் பாவ்லோவுக்குப் பக்கத்திலுள்ள இபியூனா வரை சுமார் 800 கிலோமீட்டருக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் இழுத்தார்கள். அழுத்தம் கூட்டல் கழித்தல் 6 லட்சம் வோல்ட். எண்பதுகளின் நடுவில் அதற்கு இணையான தடம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. சுமக்கும் திறன் 6,300 மெகாவாட்.

அந்த 6,300ஐத்தான் இந்த வாரம் முழுக்க எதிரில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத் திட்டத்தில் எந்திரங்கள் 18. கடைசி இரண்டும் 2006–07ல்தான் சேர்ந்தன. அப்போது பராகுவேயின் பங்கு ஒன்பது. ஒன்பது பெருக்கல் 700? 6,300. பராகுவேயின் பங்கு முழுவதையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொண்டுபோகும் அளவுக்குப் பிரேசில் கம்பி இழுத்திருக்கிறது! பராகுவே வளரும், ஆலை வைக்கும், தன் மின்சாரத்தைத் தானே எரிக்கும் என்று எதிர்பார்த்த கம்பியாக எனக்குத் தெரியவில்லை. ராஜதந்திரிகள் மேடையில் சகோதரத்துவம் பேசலாம். பொறியாளர் போட்ட கம்பியின் தடிமனைப் பார்த்தால் அவர்கள் மனசு தெரிந்துவிடும்.

ஆனால் அதே கம்பிதான் பராகுவேக்குச் சாட்சியும் ஆனது. 60க்கு மாறியிருந்தால் இரண்டு பாதிகளும் ஒரே கம்பியில் கலந்து, எது யாருடையது என்பது தாளில் மட்டும் இருந்திருக்கும். இப்போது இபியூனாவுக்குப் போகும் ஒவ்வொரு மெகாவாட்டும் பிறப்பால் ஐம்பது ஹெர்ட்ஸ். 2008ல் பெர்னாந்தோ லூகோ என்ற முன்னாள் பிஷப் அதிபர் தேர்தலில் நின்றபோது, நம் மின்சாரத்துக்கு நியாயமான விலை என்ற பேச்சு அவரைத் தூக்கிவிட உதவியது. அறுபது ஆண்டுகளாக ஆண்ட கொலராதோ கட்சி தோற்றது. அடுத்த ஆண்டே பிரேசில் அதிபர் லூலா இறங்கிவந்தார். ஆண்டுக்கு 12 கோடி டாலராக இருந்த ஈட்டுத்தொகை 36 கோடி ஆனது. மூன்று மடங்கு. பிரேசில் செனட் அதை ஏற்க 2011 வரை ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் தலைநகர் அசன்சியோனில் அடிக்கடி கரண்ட் போய்க்கொண்டிருந்தது. உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்றில் பாதி சொந்தம், ஆனால் அங்கிருந்து தலைநகருக்குப் போதுமான கம்பி இல்லை! 5 லட்சம் வோல்ட் தடம் தலைநகருக்குப் பக்கத்து வில்லா ஆயெஸ் வரை வந்துசேர்ந்தது 2013ல்தான். அதுவும் மெர்கோசூர் கூட்டமைப்பின் நிதியில். இந்த வில்லா ஆயெஸ் என்ற ஊர்ப்பெயர் யாருடையது தெரியுமா? அமெரிக்க அதிபர் ரூதர்போர்ட் ஹேயஸ். சொந்த நாட்டில் அவரை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. பராகுவேக்கும் அர்ஜென்டினாவுக்கும் சாக்கோ நிலத்தில் தகராறு வந்து இவரிடம் பஞ்சாயத்துக்குப் போனார்கள். 1878ல் பராகுவே பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதற்காக ஒரு ஊர், ஒரு மாவட்டம், அந்த மாவட்டத்துக்கு ஒரு விடுமுறை நாள் எல்லாம் அவர் பெயரில். தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன வெளியாளை நூறு வருஷத்துக்கு மேல் கொண்டாடும் நாட்டுக்கு, அதுவரை எத்தனை தீர்ப்புகள் பாதகமாக வந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். 2019 மே மாதம் இரு அரசுகளும் மின்சாரப் பங்கீடு பற்றி ஓசைப்படாமல் ஓர் உடன்பாடு போட்டன. பராகுவே மின்வாரியத் தலைவர் பெத்ரோ ஃபெரேரா இது நாட்டுக்கு நஷ்டம் என்று பதவியை விட்டு இறங்கியதும் விஷயம் வெளியே வந்தது. வெளியுறவு அமைச்சர் போனார். அதிபர் அப்தோ பெனித்தெஸின் நாற்காலியே ஆடியது. ஆகஸ்ட் 1 அன்று உடன்பாட்டை ரத்துசெய்த பிறகுதான் அவர் தப்பினார். மின்கட்டணத்துக்காக அரசு கவிழப் பார்த்த நாடுகள் பல உண்டு; பக்கத்து நாட்டுக்கு விற்கும் மின்சாரத்துக்காகக் கவிழப் பார்த்தது இங்கேதான்.

அணையின் கடைசிக் கடன் தவணை 2023 பிப்ரவரியில் அடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஐம்பது வருஷம். நிதி விதிகளை ஐம்பதாம் ஆண்டில் திருத்தி எழுதவேண்டும் என்பது 1973லேயே எழுதிவைத்த ஷரத்து. கடன் போனதால் கட்டணத்தைக் குறை என்றது பிரேசில். அதன் மக்கள் வாங்குகிறவர்கள். குறைக்காதே, மிஞ்சும் பணம் எங்களுக்கு வேண்டும் என்றது பராகுவே, அது விற்கிறவர். 2023ல் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 16.71 டாலர். மாதக்கணக்கில் இழுபறி. 2024 மே மாதம் மூன்று ஆண்டுகளுக்கு 19.28 என்று முடிந்தது. இந்த முறை பராகுவேக்கே சற்றுச் சாதகம் என்று நான் நினைக்கிறேன்.

விதிகளைத் திருத்தும் பேச்சு தொடர்ந்தபோது, 2025 மார்ச் கடைசியில் ஒரு குண்டு விழுந்தது. பேச்சுவார்த்தையில் இருந்த பராகுவே அதிகாரிகளின் கணினிகளுக்குள் பிரேசிலின் உளவு நிறுவனம் புகுந்து பார்த்தது என்று பிரேசில் ஊடகமே செய்தி போட்டது. முந்தைய அரசு 2022ல் அனுமதித்த வேலை, நாங்கள் வந்ததும் 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டோம் என்றது லூலா அரசு. பராகுவே பேச்சை நிறுத்தியது. பிரேசிலில் இருந்த தன் தூதரை ஆலோசனைக்கென்று வரவழைத்துக்கொண்டது. கேட்டால் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு அண்டை வீட்டைப் பற்றி இன்னொரு அண்டை வீடு நினைக்கவில்லை பாருங்கள்.

பக்கம் நிறைந்துவிட்டது என்று உதவி ஆசிரியரிடமிருந்து தகவல் வந்துவிட்டது. அர்ஜென்டினா இந்த அணையைப் பார்த்துப் பயந்த கதையும், 1979ல் மூன்று நாடுகளும் சேர்ந்து போட்ட உடன்பாடும் பாக்கி. பாலமும் பாக்கி. அடுத்த வாரம் பாலம்தான், உறுதி. பாலத்தின் மறுகரையிலுள்ள ஊருக்கு 1989 வரை அதிபர் ஸ்ட்ரோஸ்னரின் பெயர்தான் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவரை ஆட்சியிலிருந்து விரட்டியவர் ஜெனரல் ரோத்ரிகஸ். ஸ்ட்ரோஸ்னருக்கு அவர் எதிரியல்ல, சம்பந்தி. அந்தக் குடும்பத்துக்கும் பாலத்தைத் தாண்டிப் போன சரக்குக்கும் என்ன உறவு என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)