கல்லுக்கு அச்சு கிடையாது

வேப்பூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: “விருத்தாசலத்தில் ஒரே மாதிரி நிறையப் பொம்மை செய்கிறார்கள். அந்த ஊர்க் கோயில் சிலை ஆஸ்திரேலியாவில் கிடைத்ததாமே. அது நம் சிலைதான் என்று எப்படித் தெரியும்?” கேட்டவளே பாதி பதிலையும் சொல்லிவிட்டாள்.

பீங்கான் பொம்மைக்கு அச்சு உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சும், மண் ஓரமாகப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்து, சற்று இறுகியதும் பிரித்தால் பிள்ளையார் தயார். எங்கள் வீட்டுக் கொலுச் செட்டியாரையும் எதிர்வீட்டுச் செட்டியாரையும் மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது.

கல்தச்சருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கருங்கல்லில் காவியால் கோடு போட்டு, உளியால் துளித்துளியாகக் கொத்த வேண்டும். உளிமுனை சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால் பட்டறையிலேயே ஓர் உலை இருக்கும். காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்குவார்கள். ஒரு சில்லு கூடுதலாகத் தெறித்தால் திரும்ப ஒட்ட முடியாது. அதற்கேற்பப் பக்கத்து மடிப்பையோ நகையையோ மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே ஒரே கை செதுக்கினாலும் இரண்டு சிலை ஒன்றுபோல் வராது.

அதிலும் அர்த்தநாரி என்றால் எனக்குத் தனிப் பிரியம். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சிற்ப நூல்கள் சிவனின் உயரத்தை 124 பங்காகவும் உமையின் உயரத்தை 120 பங்காகவும் பிரித்து அளவு சொல்கின்றன. இரண்டு கணக்கையும் ஒரே உடம்பில் பொருத்த வேண்டும். ஒரு காதணி ஒரு விதம், மறுகாதணி வேறு விதம். ஒரு பக்க இடுப்பு நேர், மறுபக்கம் வளைவு. ஆனால் முகத்தில் ஒட்டுப்போட்ட தடம் தெரியக் கூடாது.

அப்படியொரு அர்த்தநாரிதான், சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் புறச்சுவர் மாடத்திலிருந்து போனது. நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. திருட்டுப் பொருளுக்குத் துணையாகப் பொய்யும் வேண்டுமல்லவா? டெல்லிக் கடை ஒன்றின் பழைய ரசீது காட்டப்பட்டது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கோயிலில் எடுத்த பழைய படம் இருந்தது. உளி வேலையும் சேதங்களும் அப்படியே பொருந்தின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் சிலையை டெல்லியில் ஒப்படைத்தார். இதே கோயிலின் பிரத்தியங்கிரா தேவி சிலையும் 2016இல் திரும்பியது. வேறொரு வழக்கான உடையார்பாளையம் சிலைத் திருட்டில் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

திருடனை மட்டும் திட்டுவதில் எனக்குத் திருப்தியில்லை. மாடத்துச் சிலையை நிமிர்ந்து பார்க்காமல் பிராகாரம் சுற்றுகிற நாமும்தான் அவனுக்கு வழிவிட்டோம். செதுக்கியவர் பெயர் தெரியாது, கேட்பாரும் இல்லை என்பதால் அது எடுத்தவன் சொத்தாகிவிடுமா? இன்னொரு கொடுமையும் உண்டு. சில கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். மூக்கு நுனியும் உளிக்கோடும் தேய்ந்தன. நாளை அந்தச் சிலை களவு போனால் பழைய படத்தில் எதை வைத்து ஒப்பிடுவது?

அதனால், கேள்வி கேட்ட பெண்ணே, உன் ஊர்க் கோயில் மாடங்களை அப்பாவின் செல்போனில், அர்ச்சகரிடம் கேட்டுவிட்டு, படம் எடுத்து வை. தேதியையும் குறித்துக்கொள்.