தும்பாவுக்கு ஏன் போனார்கள்?

சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் முனைக்கூம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1966-இல் கேரளக் கரையிலுள்ள தும்பா ஏவுதளத்தில் ஹென்றி கார்த்தியே-பிரெசான் எடுத்தது. ‘வறுமையிலும் சாதித்தோம்’ என்று பெருமைப்பட அதைக் காட்டுகிறோம். தும்பாவுக்கு அது நியாயம் செய்யவில்லை. காசில்லாத குறையால் யாரும் அந்த மீனவக் கிராமத்துக்குப் போகவில்லை. புவியின் காந்த நடுக்கோடு அதையொட்டிச் செல்கிறது. அக்கோட்டுக்கு மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகலில் வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதை ஆராய அங்கேயே போய் அளக்க வேண்டும். அந்த உயரத்தைப் பலூன் எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்ந்தால் காற்றில் சிக்கி விழுந்துவிடும். சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றே வழி. அதனால்தான் அமெரிக்க ராக்கெட்டும் பிரெஞ்சுக் கருவியும் தும்பாவைத் தேடி வந்தன.

1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி, அந்த உயரங்களில் வீசும் காற்றை அளக்க மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்த ஆவி, வெயில் பட்டால் செம்மஞ்சளாக ஒளிரும். ஊதுவத்திப் புகை வளைவதை வைத்து அறைக்குள் காற்றோட்டத்தை அறிவதுபோல, அது நெளிவதைப் பல ஊர்களிலிருந்து படமெடுத்தால் எந்த உயரத்தில் காற்று எப்பக்கம், எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று கணக்கிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: தரையில் இருட்டியிருக்க வேண்டும், மேலே வெயில் இருக்க வேண்டும். அது அந்திக்கும் விடியலுக்கும் மட்டுமே வாய்க்கும். அவ்வூர்த் தேவாலயக் கட்டடத்தில் பூட்டிய ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும்போது கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பு கசிந்ததும், ஆட்கள் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியதும் இந்த நெருக்கடியில்தான். பொழுது சாய்ந்துவிட்டால் ராக்கெட் பறந்தும் பயனில்லை.

‘காந்த நடுக்கோடு எத்தனையோ இடங்களைக் கடக்கிறதே, ஆளில்லாத இடமாகப் பார்த்திருக்கலாமே?’ எனலாம். எரிந்து கழன்ற பாகங்கள் விழ மேற்கே கடல் வேண்டும். ரயிலும் விமானமும் வரும் நகரம் பக்கத்தில் வேண்டும். இரண்டும் கூடிய கரையில் மக்கள் இல்லாமல் இருப்பார்களா? இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் கேட்க, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா தம் சபையாரிடம் பேச, மக்கள் தேவாலயத்தையும் நிலத்தையும் கொடுத்துவிட்டு வேறிடம் போனார்கள். படத்தில் சைக்கிள் இருக்கிறது, அவர்கள் இல்லை. இன்று குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் எழுவதற்கும் இடமே காரணம்: அங்கிருந்து இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே ஏவலாம், எரிபொருள் மிஞ்சும். மிஞ்சும் ஒவ்வொரு கிலோவையும் கணக்கெழுதும் நாம், ஊர் விட்டுக்கொடுத்ததையும் அதே ஏட்டில் செலவாக எழுத வேண்டும்.