புதுச்சேரியில் பிறந்த ஆணை

கதிர்காமத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகிறவர்கள், மிஷன் வீதியில் சம்பா கோவிலைப் பார்த்திருப்பீர்கள். இயேசு சபையார் தொடங்கிய கோவில் அது.

அச்சபையின் இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தவர். காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு, தமிழில் இறையியல் நூல்கள் எழுதினார். பூணூலும் குடுமியும் சமூக வழக்கமே, சமயம் அல்ல என வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார்.

ஆனால் 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் இதே புதுச்சேரியில் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவத் திருமணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பிள்ளையார் உருவத் தாலி கூடாது. தாழ்த்தப்பட்டோர் நோயில் கிடந்தால், குருக்கள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் அருட்சாதனம் வழங்க வேண்டும். எதிர்ப்பும் மேல்முறையீடும் தொடர்ந்தன. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு சொன்னார். வரலாற்றில் இதற்குப் பெயர், மலபார் சடங்குச் சர்ச்சை.